கீழிருந்து பதில் வராமல் தூக்க மாட்டாளாம்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அத்தான் அவர்களுக்கு உங்கள் மைத்துனன் எழுதிக்கொண்டது.

இங்கு என் முழங்கால் நீங்கலாக மற்ற உறுப்புகள் யாவும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் உங்கள் ரத்த அழுத்தமும் அவரவர் இடத்தில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் "பொண்ணு எப்படிடா இருக்கா?" என்று கேட்டீர்கள். மேனேஜர் பக்கத்தில் நின்றதால் "நல்லா இருக்கா அத்தான்" என்று சொல்லி வைத்தேன். அது பொய். உண்மையைப் போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள், கடிதம் என்றால் முடிகிற வரைக்குமாவது பொறுத்துக்கொள்வீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் மகள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வாயிலும் ஆள்காட்டி விரலிலும்தான். எங்கள் இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்ட அவளைச் சேர்த்துவிட்டவன் நான். சூப்பர்வைசருடைய அக்கா மகள் என்பது வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. அதன் வயிற்றில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஏணியில் ஏறி அதில் உட்கார்ந்துகொண்டு, லாரியில் வருகிற தகட்டுச் சுருள்களை, ஒவ்வொன்றும் ஒரு யானைக் கனம், தூக்கி அடுக்க வேண்டும். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? கீழே சுருளுக்குப் பட்டை கோத்துக் கொக்கி மாட்டுகிறவர் கையைக் காட்டுவார், மேலே இருக்கிறவர் தூக்குவார், சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போவோம். இவள் வந்த முதல் நாளே ஏணியடியில் நின்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி "போயிட்டு வரேன்!" என்று ஒரு கத்து கத்தினாள். கடைக்குப் போகிறாளாக்கும் என்று நினைத்து ஒருவர் "அப்படியே எனக்கு ஒரு டீ" என்றார். மேலே போய் உட்கார்ந்ததும் வாக்கி-டாக்கியில் "கொக்கி, சரி! பட்டை, சரி! பாதை காலி, சரி! தூக்கறேன்!" என்று ஒவ்வொன்றுக்கும் விரலை நீட்டி நீட்டிச் சொல்கிறாள். கண்ணாடிக் கூண்டு அல்லவா, கண்காட்சி மாதிரி எல்லோருக்கும் தெரிகிறது. அன்று மத்தியானமே சாப்பாட்டு அறையில் "டப்பா, சரி! மூடி, சரி! திறக்கறேன்!" என்று தொடங்கிவிட்டார்கள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பதை, அக்காவுக்கும் இதைப் படித்துக் காட்டுவீர்கள் என்பதால், எழுதவில்லை. உங்கள் மகளுக்கு ரோபோ என்று பெயர். எனக்கு ரோபோ மாமா.

இது எங்கே பிடித்த வியாதி என்று விசாரித்தேன். ஜப்பான்காரர்களின் கார்ட்டூனாம். மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற ராட்சச இயந்திரக் கதைகள். மெக்கா அனிமே என்று அந்த வகைக்குப் பெயராம். அதற்காக மொழியையும் படித்திருக்கிறாள், உங்களுக்குத் தெரியும், கணினி வகுப்பு என்று சொல்லிக்கொண்டு போனாளே, அதுதான். சாப்பாட்டு நேரத்தில் தன் போனில் ஒன்றைக் காட்டினாள். மீசை முளைக்காத பையன் ஒருவன் பத்து மாடி உயர இயந்திரத்தின் மார்புக்குள் ஏறி உட்கார்கிறான். ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. கிளம்ப வேண்டியதுதானே? கிளம்ப மாட்டான். இடது கால் சரி, வலது கால் சரி என்று அவன் உள்ளேயிருந்து சொல்ல, கீழே நிற்கிறவர்கள் அதையே திருப்பிச் சொல்ல, என் சாப்பாடே முடிந்துவிட்டது. ஒரு வழியாகச் சண்டை வந்தால், அடிக்கப் போகிற அடியின் பெயரைக் கத்திச் சொல்லிவிட்டு அடிக்கிறான்.

"ஏம்மா, எதிரிக்குத் தெரிஞ்சுடாதா?" என்று கேட்டேன்.

"தெரியட்டுமே மாமா. அங்க வாள் பழகற எடத்துல, எங்க அடிக்கறேன்னு வாய்விட்டுச் சொல்லாம அடிச்சா அது அடியே இல்ல. மூச்சும் கையும் ஒண்ணா போகணும். ரயில் ஓட்டறவங்களும் சிக்னலைக் கை நீட்டிக் காட்டி, பச்சைன்னு சத்தமா சொல்லிட்டுத்தான் நகர்த்துவாங்க. தனியா இருந்தாலும் சொல்லுவாங்க."

"தனியா இருந்தா யாருக்குச் சொல்றாங்க?"

"தனக்குத்தான்."

தனக்குத்தானே பேசுகிறவர்களை நாம் எங்கே கொண்டுபோய் விடுவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்கு எதன் மேலோ கோபம் வந்துவிட்டது. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் 'நான் போகிறேன்' என்று எழுத்து ஓடிற்று. "பாத்தீங்களா, பாதியைத் தின்னுட்டாங்க. அவன் சொன்னது இத்தேகிமாஸ். போறேன் இல்ல மாமா, போயிட்டு வரேன். நம்ம வீட்டுல சொல்றதே தான். அதுக்குக் கீழ நிக்கறவங்க, போயிட்டு வான்னு பதில் சொல்லணும். இதுல ஒருத்தன் கடைசியா ஏறறப்ப வெறும் போறேன்னு மட்டும் சொல்லுவான். இங்கிலீஷ்ல படிக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு தான். நான் அங்கயே அழுதுட்டேன். அவன் சாகறதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு."

"அது சரி, இவ்வளவு பெரிய மிஷின் வெச்சிருக்காங்களே, பெரியவங்க யாரும் ஏற மாட்டாங்களா?"

"அதான் கதையே. போர்ல தோத்த நாடு மாமா அது. சின்னப் பசங்களை விமானத்துல ஏத்தி, திரும்பி வராதேன்னு அனுப்பிட்டு, பெரியவங்க கீழ நின்னு கையாட்டினாங்க. அந்த வலி இந்தக் கதைங்கள்ல இன்னும் ஓடிட்டே இருக்கு. ஏறறது சின்னவங்க, கீழ நிக்கறது பெரியவங்க. கீழ நிக்கறவங்க ஒரு பதிலாவது சொல்லணுமில்ல?"

நான் கீழே நிற்கிறவன் அத்தான். அவள் ஏணியடியில் கத்தும்போதெல்லாம் காதில் விழாத மாதிரி காகிதம் பார்த்துக்கொண்டு நிற்கிறவன். சாப்பிட்ட கையைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அவளுக்குப் பதில் சொன்ன ஒரே ஆள் விசில். கொக்கி மாட்டுகிறவர். நாள் முழுக்க ஏதாவது ஒரு பாட்டை விசிலடித்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். பாட்டு எதுவென்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை, அவ்வளவு மோசமாக அடிப்பார். இவள் "பாதை காலி, சரி!" என்றதும் பாட்டை நிறுத்திவிட்டு நீளமாக ஒரு விசில் கொடுப்பார், இவள் தூக்குவாள். நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன மாதம் விசிலுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். மறுநாள் லீவு போடாமல் கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்று பிற்பகல் கிரேனில் இருந்தவர் உங்கள் மகள் அல்ல, புகை. சிகரெட்டை விடாததால் அந்தப் பெயர், மற்றபடி எங்கள் கிடங்கிலேயே மூத்த ஓட்டுநர், ஒரு தப்பு செய்தவரில்லை. விசில் எங்கே நிற்கிறார் என்று எப்போதும் அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை. காதால்தான் தெரிந்திருக்கிறது. அன்று சத்தம் இல்லை. சத்தம் இல்லாததால் ஆள் இல்லை என்று சுருளை நகர்த்திவிட்டார். விசில் அதற்குப் பின்னால் குனிந்து பட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

விசில் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மனைவி எங்களைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை. "தினமும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. அன்னிக்கு வாயில பஞ்சு. கையை மட்டும் ஆட்டினாரு" என்றார். உங்கள் மகள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன்.

பிறகு விசாரணை. அறிக்கையில் 'தொழிலாளர் தாம் நின்ற இடத்தைத் தெரியப்படுத்தத் தவறினார்' என்று எழுதினார்கள். செத்தவர் மேல் பழி போடுவதில் ஒரு வசதி, அவர் மறுத்து எழுத மாட்டார். அந்த வாரமே பாதுகாப்புச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. 'விசிலடித்தல், உரக்கக் கூவுதல், வாக்கி-டாக்கியில் அநாவசியப் பேச்சு ஆகியவை கவனத்தைச் சிதறடிப்பதால் தடை செய்யப்படுகின்றன.' இரண்டையும் ஒரே பலகையில் ஒரே குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் சிரிக்காத முதல் நகைச்சுவை அது.

அதிலிருந்துதான் உங்கள் மகளின் அடம். வாக்கி-டாக்கியில் பேசக் கூடாது என்றதும் கூண்டின் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டிக் கத்துகிறாள். கொக்கி சரி, பட்டை சரி, பாதை காலி சரி எல்லாம் ஆன பிறகு "கீழ?" என்று கேட்கிறாள். பதில் வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கீழே இருப்பவர்கள் சுற்றறிக்கைக்குப் பயந்து திருட்டுத்தனமாகத் தலையாட்டுகிறார்கள். "தலையாட்டினா மேல தெரியாது, வாயைத் திறக்கச் சொல்லுங்க மாமா!" என்று என் பெயரை வேறு இழுக்கிறாள். லாரிகள் வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் நிற்கின்றன. ஓட்டுநர்கள் இறங்கிச் சீட்டாடுகிறார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"கீழேருந்து ஒரு வார்த்தை சொன்னா தூக்குவாளா?"

"தூக்குவா சார்."

"அப்ப சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"கூவக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கே சார்."

"யாரு போட்டது?"

"நீங்கதான் சார்."

போட்டதைத் திரும்ப வாங்கினால் அறிக்கையும் தப்பு என்று ஆகிவிடும், அறிக்கை தப்பென்றால் விசில் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். ஆகவே திங்கட்கிழமைக்குள் உங்கள் மகள் வாயை மூட வேண்டும், இல்லையென்றால் ஒழுங்கீனம் என்று எழுதி வெளியே அனுப்பிவிடுவாராம். அந்த ஒரு சொல் பதிவேட்டில் ஏறிவிட்டால் வேறெந்தக் கிடங்கிலும் அவளை ஏணியில் கால் வைக்க விட மாட்டார்கள். அந்தக் கூண்டு இல்லாமல் அவளால் இருக்க முடியாது அத்தான், அது எனக்குக் கீழேயிருந்தே தெரிகிறது.

எனவே கெட்ட பெயர் வருமுன் அவளை நல்லபடியாக வெளியே எடுக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் செய்தி அனுப்ப வேண்டும். நெஞ்சு வலி வேண்டாம், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பாள். சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் பயப்பட மாட்டாள். குளியலறையில் வழுக்கி இடுப்பில் அடி என்பது பொருத்தமாக இருக்கும். போனில் நீங்கள் பேசாதீர்கள், பொய் சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அக்காவே பேசட்டும், முனகுவது அவளுக்குக் கை வந்த கலை. மகள் நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து வேறு இடம் நானே பார்த்துத் தருகிறேன். இது அவளுடைய நன்மைக்குத்தான். அவளிடம் மட்டும் நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் ஏணி இன்னும் என்னிடம் இருப்பதாக அவர் சொன்னால் நம்ப வேண்டாம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், இடுப்பு உட்பட, நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத மைத்துனன்

பின்குறிப்பு: அக்கா வழுக்கி விழ வேண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்றால் இவ்வளவு எழுதிய கை கேட்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன். உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இன்று காலை வேலைக்குப் போனேன். இத்தனை நாள் மாறி மாறிக் கொக்கி மாட்டியவர்களும் இன்று ஒதுங்கிவிட்டார்கள். விசில் நின்ற இடத்தில் நிற்க யாருக்கும் கால் வரவில்லை. லாரிக்காரர்கள் கத்துகிறார்களே என்று நானே போய்ப் பட்டையைக் கோத்தேன். மேலேயிருந்து கொக்கி, பட்டை எல்லாம் ஆயிற்று. "கீழ?" என்றாள். மேனேஜர் தன் ஜன்னலில் நிற்கிறார். தலையாட்டிவிடலாம் என்று நிமிர்ந்தேன். நிமிர்ந்தால் கூண்டு தெரியவில்லை, சுருள்தான் தெரிந்தது. நான் சுருளுக்குப் பின்னால் நிற்கிறேன் அத்தான். நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. விசிலடிக்கப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் "கீழ?" என்றாள். "இருக்கேம்மா! ஒருத்தன் இருக்கேன்! நகர்றேன்! நகர்ந்துட்டேன்! காலி, சரி!" என்று விரலை நீட்டிக் கத்தினேன். குரல் உடைந்து ஏதோ ஆடு கத்துகிற மாதிரி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற புகை, அன்றிலிருந்து வாயே திறக்காத மனுஷன், "சரி" என்றார். அதற்குப் பிறகு ஷெட்டில் ஒவ்வொருவராக ஆரம்பித்துவிட்டார்கள், லாரிக்காரர்கள் வரைக்கும். தூக்கினாள்.

திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் விசாரணை. எனக்கும் ஒழுங்கீனம் என்றுதான் எழுதுவார்கள், இந்த வயதில். ஒருவேளை இருவருமே பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டியிருக்கும். வாசலில் நின்றுகொண்டு "வந்துட்டோம்!" என்று தெருவே கேட்கும்படி கத்துவாள். உள்ளேயிருந்து யாராவது ஒருத்தர் பதில் சொல்லிவிடுங்கள்.