‘போல’ என்ற சொல்லால் வந்த வினை

அன்புள்ள தம்பிக்கு (பிரசங்க மேடையில் ஏறினால் மட்டும் ‘ஐயா’வுக்கு), அக்கா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அத்தானும் இங்கே சுகம். வழக்கத்துக்காக எழுதிய சுகம் இல்லை இது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்துச் சொன்ன சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். நிற்க. உன்னைத்தான் சொல்கிறேன், கொஞ்சம் நின்று கேள்.

போன மாதம் எங்கள் சபைக்கு வந்து, “உன்னை நேசிக்கிறதுபோலப் பிறனையும் நேசி என்று வேதத்தில் இருக்கிறதே, அந்த ‘போல’வைக் கவனித்தீர்களா? உங்களுக்கு என்ன அளவோ அதே அளவுதான் பிறனுக்கும்!” என்று மேசையைத் தட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாய். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றைக் கேட்டால் அதைச் செய்துபார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவுக்கு நான் தலைவி வேறு.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தேன். என்னை நான் எப்படி நேசிக்கிறேன் என்று முதலில் பார்த்தேன். எல்லாருக்கும் கொடுத்து முடித்து ஆறிப்போன டீ, அதுவும் காது உடைந்த கோப்பையில்; ரொட்டியில் காய்ந்த ஓரம்; பழத்தில் அடிபட்ட பக்கம். சரி, ‘போல’ என்றால் போலதான் என்று உன் அத்தானுக்கு அதே கோப்பையில் அதே ஆறிய டீயை வைத்தேன். மனுஷன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எம்மேல என்ன கோபம்?” என்றார். “கோபமில்ல, அன்பு” என்றேன். பயந்துபோய் அன்றைக்கு வீட்டை அவரே கூட்டினார். அடுத்து மாடியில் குடியிருக்கும் வாத்தியார், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு உதவி கேட்டு வந்தார். நான் சாவியை மறந்தால் என்னை நானே எப்படித் திட்டிக்கொள்வேனோ, அப்படியே அவருக்கும் கொடுத்தேன்: “மூளை கெட்ட ஜென்மமே, உனக்கெல்லாம் எதுக்கு ஒரு வீடு?” காலமெல்லாம் பிள்ளைகளைத் திட்டிப் பழகினவர், பாவம், படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் உன் அத்தானிடம், “வீட்ல அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று கேட்டாராம்.

உடம்பு சரியில்லைதான் தம்பி. இப்போது சொன்னால் நீ பயப்படமாட்டாய் என்பதால் சொல்கிறேன். இடது அக்குளில் ஒரு கட்டி, கோலிக்குண்டு அளவுக்கு. பல மாதமாக இருந்தது. நம் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பேன், “ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாரு” என்று எனக்கே சொல்லிக்கொள்வேன், உடனே ஆஸ்பத்திரியில் வேறு யாரையாவது பார்க்கக் கிளம்பிவிடுவேன். நம்மைக் கவனித்துக்கொள்வது சுயநலம், மற்றவர்களைக் கவனிப்பதுதான் ஊழியம் என்று அதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருந்தேன். வெறும் பயம்தான், வேறொன்றுமில்லை.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். உன் அத்தானின் தொல்லை தாங்காமல் நான் ஒரு புது உடுப்பு தைக்கக் கொடுத்திருந்தேன், அவளிடம்தான். “அக்கா, எனக்கு அக்குள்ல ஒரு கட்டி மாதிரி இருக்கு. பயமா இருக்கு” என்றாள். நானும் ‘போல’ விதிப்படி, “ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாரு” என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்குச் சுரீரென்றது. இந்த வார்த்தையை ஒரு நோயாளியிடம் சொல்ல எனக்கு மனசு வருமா? எனக்கு மட்டும் இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேனே! தேவன் உண்டாக்கியவர்களில் நான் மட்டும் கணக்கில் சேராதவளா? அடுப்பை அணைத்தேன், அவள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மாவின் திரைக்குப் பின்னால் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். “எனக்கு ஒண்ணுமில்லையாம்க்கா. வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒரு தடவை காட்டிருங்களேன்” என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், உன் ‘போல’ நினைவுக்கு வந்தது. போய்ப் படுத்தேன். படம் எடுத்தார்கள், ஊசி குத்திச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் ஜெபித்ததையெல்லாம் எழுதினால் தபால்காரர் தூக்கமாட்டார். நேற்று வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி, ஓர் ஆபத்தும் இல்லை! “உனக்குக் கொழுப்புன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன், கேட்டியா?” என்றார் உன் அத்தான். சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் அழுதார். நானும் அழுதேன். எத்தனை நிம்மதி, தம்பி!

இன்று காலை கண்ணாடி அலமாரியைத் திறந்து, விருந்தாளிக்கென்று பூட்டி வைத்திருந்த கோப்பையை எடுத்து, முதல் டீயைச் சூடாக நானே குடித்தேன். கர்த்தர் கோபித்ததாகத் தெரியவில்லை. பிறகு அதேபோல ஒரு கோப்பை உன் அத்தானுக்கு, இன்னொன்று மன்னிப்போடு மாடிக்கு. இப்போதுதான் உன் ‘போல’ சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்த வசனத்தை இனி எங்கே பிரசங்கித்தாலும் முதல் பாதியில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசு. அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஓடும் என்னைப்போன்றவர்கள் எல்லாச் சபையிலும் இருப்பார்கள். எப்படியோ, ஒரு தையல்காரியைக் காப்பாற்றப் போய் நானும் தப்பினேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உன்னைக் காப்பாராக. உன் பங்குக்கு நீயும் கொஞ்சம் காத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தையல்காரி உடுப்பைக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தேன். இடது கைப்பக்கம் மட்டும் தொளதொளவென்று இருந்தது. “என்னடி இது?” என்றேன். “அளவெடுக்கும்போது அக்குள்ல டேப் பட்டதும் துடிச்சுப் போனீங்களேக்கா, அதான் எடம் விட்டுத் தச்சேன்” என்றாள். அவளுக்குக் கட்டியே கிடையாதாம்! “உங்களுக்குன்னா வரமாட்டீங்க, எனக்குன்னா ஓடி வருவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா, போய் வேலையப் பாருன்னுட்டீங்க!” அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டத்தைக் கெடுக்க இருந்தது உன் பிரசங்கம்தான். மேலே ‘ஒரு தையல்காரியைக் காப்பாற்றப் போய்’ என்று எழுதியதை அடித்துவிட்டு, ‘ஒரு தையல்காரியால்’ என்று படித்துக்கொள். அவளுக்கும் எனக்கும் கண்ணாடி அலமாரிக் கோப்பையில் டீ ஊற்றி வைத்திருக்கிறேன். ஆறிவிடும், நிறுத்துகிறேன்.