பத்து விரலும் ஒரு படிவமும்

கல்லூரி வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை. பரீட்சை முடிவு வந்திருக்கிறதா? இல்லை. பிள்ளைகளின் பத்து விரலையும் ஒரு கண்ணாடித் தட்டில் வைத்தால், அவர்கள் மூளைக்குள் படிப்பு எந்த வழியாக நுழையும் என்று ஒரு யந்திரம் சொல்லுமாம். கண் வழியா, காது வழியா, கை வழியா? அடேயப்பா! இத்தனை காலமும் வாத்தியார்கள் வழி தெரியாமல் அல்லவா தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள்!

யந்திரத்தைக் கொண்டுவந்தவர் கோட்டு போட்டவர். கன்னத்தோரம் ஒட்டிய மைக். மாணவர்கள் அவருக்கு 'விரல் ஞானி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "கற்பித்தலில் புதிய தொழில்நுட்பம்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் முதல்வர் கைதட்டினார். முதல்வர் தட்டினால் துறைத் தலைவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் தட்டினார்கள். புரிந்துகொண்டு தட்டியவர் யாருமில்லை.

ஒரே வாரத்தில் முதலாண்டு இயற்பியல் வகுப்பு மூன்று கூறானது. காது அறையில் கரும்பலகையைத் துணி போட்டு மூடினார்கள். கணக்கு டீச்சர் சமன்பாடுகளை வாயாலேயே ஒப்பிக்க வேண்டியதாயிற்று. கண் அறையில் பேசவே கூடாது. இயற்பியல் வாத்தியார் புவியீர்ப்பைச் சைகையில் நடத்தப் போய், மேடையிலிருந்து நிஜமாகவே விழுந்தார். கை அறையில் புத்தகமே கிடையாது. ஆளுக்கொரு மரத்துண்டும் திருப்புளியும் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பட்டியல் உறுதியானதும் கை அறைப் பிள்ளைகளை இயற்பியலிலிருந்தே எடுத்துப் பட்டறைப் பிரிவில் போடுவதாக ஏற்பாடு. பட்டறை ஒன்றும் கேவலமில்லை. விரும்பிப் போனால் அது பெருமை. பிடித்துத் தள்ளினால் அதற்குப் பெயர் வேறு.

அந்தப் பட்டியலில் தையல்காரரின் மகளும் இருந்தாள். பள்ளியில் கணக்கில் முதல் மதிப்பெண். இயற்பியல்தான் வேண்டும் என்று வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்து சாதித்தவள். விஷயத்தைச் சொன்னதும் அப்பா தையல் மெஷினை நிறுத்தினார்.

"யந்திரமே சொல்லுதேம்மா. நமக்குக் கைதானே சோறு போடுது. விடு."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. விடவில்லை.

மறுநாள் கை அறையில், மதியச் சாப்பாட்டு வேளையில் பொறி தட்டியது. பக்கத்தில் இருந்தவன் கொத்தனார் மகன். எதிரே லாரி ஓட்டுநர் மகள். முப்பத்தெட்டுப் பேரையும் விசாரித்துவிட்டாள். ஒரு டாக்டர் பிள்ளை இல்லை, ஒரு வக்கீல் பிள்ளை இல்லை. அவர்களெல்லாம் கண் அறையில் வாத்தியார் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் வைப்பதற்கு முன் நிரப்பிய படிவம் அவளுக்கு நினைவு வந்தது. பெயர், வயது, தந்தையின் தொழில்.

ஓடிப்போய்க் கணக்கு டீச்சரிடம் சொன்னாள். சந்தேகம் மட்டும் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் டீச்சர். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்றார்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அரங்கு நிறைந்த கூட்டத்தில் டீச்சர் எழுந்து, இந்தப் பெண்ணின் விரலை மறுபடி ஒருமுறை பாருங்கள் என்று கேட்டார். ஞானி பதறிவிட்டார். விரலை ஆண்டுக்கு ஒருமுறைதான் யந்திரத்தில் படிக்கலாமாம். மீறினால் மூளை அலை கலங்கிவிடுமாம். மெத்தப் படித்த கூட்டம் அதற்கும் தலையாட்டியது. அப்போது பின்வரிசையில் தையல்காரர் மெதுவாக எழுந்தார்.

"ஐயா, ஒரு சட்டைத் துணிய வெட்டவே நான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அளவெடுப்பேன். நீங்க என் பிள்ளை படிப்ப வெட்டுறீங்க. இன்னொரு தடவை அளந்தா என்ன?"

அதானே என்று நாலு பேர் முனகினார்கள். ஞானிக்கு வேறு வழியில்லை. கணினியில் படிவத்தை டீச்சரே நிரப்பினார். அதே பெண், அதே பத்து விரல். பெரிய திரையில் எழுத்து வந்தது: 'கண்வழி அறிவு. ஆராய்ச்சிக்கென்றே பிறந்தவர்.'

ஞானி சளைத்தவரா? "பாத்தீங்களா, எங்க பயிற்சியில ஒரே வாரத்துல இவ்வளவு வளர்ச்சி" என்றார். கூட்டம் கைதட்டியது.

தட்டி முடியும்வரை காத்திருந்து டீச்சர் படிவத்தை வாசித்தார். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'இதய அறுவை நிபுணர்' என்று போட்டிருந்தார். வேறொன்றையும் மாற்றவில்லை.

முதல்வருக்குக் கோபம் வந்துவிட்டது. தான் வரவழைத்த யந்திரத்தை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதா? விடுவிடுவென்று மேடையேறித் தம் பத்து விரலையும் தட்டில் பதித்தார். அப்பாவின் தொழில் என்ன சார் என்று டீச்சர் கேட்டார். முதல்வர் தட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"துணி வெளுத்தாரு" என்றார். "உள்ளதையே போடுங்க."

'கைவழி அறிவு. ஏட்டுப் படிப்பு ஏறாது. பட்டறைக்குப் பரிந்துரை.'

இரண்டு முனைவர் பட்டம் வாங்கிய மனிதர் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல்காரர் மகள் தட்டைத் திருப்பி அடிமூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு பச்சை விளக்கும் இரண்டு பேட்டரியும் இருந்தன, அவ்வளவுதான். மென்பொருளில் சின்னக் கோளாறு என்று ஞானி ஆரம்பித்தார். முதல்வர் அவர் மைக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமைப் பட்டியலை நாலாகக் கிழித்தார்.

"எங்க வாத்தியார் இப்படி அப்பா தொழிலைக் கேட்டு முடிவு பண்ணியிருந்தா நான் இங்க நின்னிருக்க மாட்டேன்" என்றார். 

அப்பன் தொழிலைக் கேட்டுப் பிள்ளையின் அறிவைச் சொல்லும் வித்தை நமக்குப் புதிதா என்ன? நேற்றுவரை அது தலையெழுத்து. இன்றைக்கு அதற்கு ஒரு பிளக் மாட்டியதும் விஞ்ஞானமாகிவிட்டது. படித்தவர்களும் வரிசையில் நின்றுவிட்டோம். அடுத்த யந்திரம் எப்படியும் வரும். விரலை நீட்டுவதற்கு முன், வாயைத் திறந்து ஒரு கேள்வி கேளுங்களய்யா!