உங்கள் ராத்தாவும் நியம விலகலும்

மடவளை.

அன்பின் மச்சான் ஹுதைபா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் ராத்தா றிஸானாவும் விடாத மழையும் இறைவன் அருளால் சுகம். அங்கே கட்டாரில் நீங்களும் பிள்ளைகளும் உங்கள் குளிரூட்டியும் குறைவின்றி இருக்க துஆச் செய்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என்னுடைய போன் இப்போது என்னுடையதல்ல. அதில்தான் உங்கள் ராத்தா வகுப்புக்குப் போகிறார். ஆகையால் அடுத்த வாரம் அங்கு வரும் பக்கத்து வீட்டு அர்கம் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது என்று றிஸானா அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். கேர்ட்டன் கடைக்காரனான எனக்கு, சன்னல்களுக்குப் புதிய சீலை போட்டால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றியது. அவரோ வீட்டிலிருந்தே படிக்கும் ஒரு பட்டப்படிப்பில் பதிந்துவிட்டார். உயர்தர வகுப்போடு நின்றுபோன படிப்பு, தொடரட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். முதல் பாடமாக அறிமுகப் புள்ளிவிபரவியல் வந்து சேர்ந்தது, மச்சான், அன்றிலிருந்து நான் ஒரு மூடுபனிக்குள் குடியிருக்கிறேன், எப்படியென்றால், காலையில் தேத்தண்ணி கேட்டால் அவர் குசினிச் சன்னலால் ஹுன்னஸ்கிரிய மலையைப் பார்த்தபடி நிற்பார், மேகம் மலையை மூடும், திறக்கும், கேத்தல் தன் பாட்டில் கொதித்து வற்றும், நான் பக்கத்தில் போய் நின்றால் என் கையைப் பிடித்துக் காற்றில் ஒரு கோடு இழுப்பார், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் கோடு.

"பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எறங்குது. இதுக்குப் பேரு செவ்வன் பரம்பல். உலகத்துல முக்காவாசி சாமான் இப்படித்தான் நடுவுல கூடி நிக்கிதாம்."

"தேத்தண்ணி?"

"அதுவும்தான்."

ஆணத்துக்கு உப்புப் பார்ப்பதும் இப்போது மாதிரியெடுப்பாகிவிட்டது. நன்றாகக் கலக்கியிருந்தால் ஒரு கரண்டி போதும், முழுச் சட்டியையும் அறிந்துவிடலாம் என்றார். கலக்க மறந்தது அவருக்கு அப்போது தெரியாது. உப்பு முழுவதும் அடியில் நின்று எனக்காகக் காத்திருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் கடையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது அறைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், இனிமையான குரல் வேறு, "மாணவி றிஸானா, உங்கள் இடை எவ்வளவு?" என்று கேட்டது. இடை என்ற சொல்லை நான் சினிமாப் பாட்டில் மாத்திரம்தான் கேட்டிருக்கிறேன். உங்கள் ராத்தா கொஞ்சமும் கூசாமல் "இருபத்தி நாலு, சேர்" என்றார். இத்தனை வருடம் துணி அளந்தவன் நான்; அந்தக் கணக்கு சரியல்ல என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்து உள்ளே போய், "என்ன கேள்வி இது?" என்று கேட்டுவிட்டேன். போனின் மைக் திறந்திருந்தது. முழு வகுப்பும் கேட்டது.

விரிவுரையாளர் மிகவும் மரியாதையாக, "சராசரியைத்தான் இடை என்போம், ஐயா," என்றார். ராத்தா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்தார். அன்று முதல் நானும் ஒதுக்கமாக உட்கார்ந்து அந்த வகுப்பைக் கேட்கத் தொடங்கினேன். அந்தக் குரலும் கூரையில் மழையும் சேர்ந்தால் கண் தானாக மூடும். நியம விலகல், நியம விலகல் என்று சொல்லிக்கொண்டே போவார்; ஒவ்வொன்றும் இடையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற கணக்காம். கனவில் கேர்ட்டன்கள் எல்லாம் ஆளில்லாமல் விலகும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் உங்கள் ராத்தா தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருப்பார்.

சோதனையும் போனில்தான். அன்று விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை, சிக்னலும் இல்லை. கடை வேனில் அவரை ஏற்றிக்கொண்டு பல்லேகல ஸ்டேடியம் வரைக்கும் ஓடினேன். அங்கே சிக்னல் கிடைத்தது. பின்னால் துணி உருளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் எழுதத் தொடங்கினார். நான் வெளியே நின்றேன். ஆளில்லாத ஸ்டேடியத்தைப் பனி மூடியிருந்தது. அந்த நேரம் பார்த்து பாணும் பணிஸும் விற்கும் ஓட்டோ ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. நான் ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்தேன். ஓட்டி வந்தவர் சதீஸ் என்ற தம்பி.

"என்னாங்க அண்ணே, ஆக்சிடெண்டா?"

"இல்ல தம்பி, சோதனை. உள்ளுக்கு என்ட மனுசி எழுதுறாங்க."

அவர் பாட்டை நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார். எனக்கு ஒரு பணிஸைத் தந்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "அக்கா பாஸாயிருவாங்க," என்று இரகசியம் போலச் சொன்னார். வேன் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. உள்ளே போன் வெளிச்சத்தில் றிஸானாவின் முகம். ஏதோ ஒரு கணக்கு அவருக்குச் சரிவந்திருக்க வேண்டும், தனியே சிரித்தார். நான் கலியாணம் முடித்த பெண்ணல்ல அது, வேறு யாரோ, நான் இனிமேல்தான் பெண் கேட்டுப் போக வேண்டிய யாரோ. அந்தச் சிரிப்பில் நான் இல்லை, மச்சான்.

ஆகவே உங்களிடம் பணிவாகக் கேட்பது: தம்பி நீங்கள் சொன்னால் ராத்தா கேட்பார். இந்த வயதில் இது போதும் என்று இதமாக எடுத்துச்சொல்லி, படிப்பை நிறுத்தச் சொல்லவும்.

உங்கள் வீட்டாருக்கு எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் தொழிலில் பறகத்தையும், இந்தக் கடிதத்தை எடுத்துவரும் அர்கமுக்கு நல்ல பயணத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் ஜவாஹிர்.

பி.கு.: அர்கமின் பயணம் தள்ளிப்போனதால் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று முடிவு வந்தது. ராத்தா சித்தியடையவில்லை. அழவில்லை. புத்தகங்களை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, "நமக்கு இது சரிவராது," என்று என்னோடு கடைக்கு வந்து நாள் முழுக்கத் துணி வெட்டினார். வெட்டு நூல் பிடித்தது போல நேராக இருந்தது. நான் கேட்டதெல்லாம் கேட்டபடி நடந்தது, மச்சான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னேரம் புத்தகங்களை நானே இறக்கித் துடைத்து மேசையில் வைத்தேன்.

"திரும்ப எழுதுங்க."

"இன்னொருக்கா தோத்தா?"

"இன்னொருக்கா பல்லேகலைக்குப் போவம்."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்து, பேனை எங்கே என்று கேட்டார். ஆகையால், மேலே 'நிறுத்தச் சொல்லவும்' என்று உள்ள இடத்தில் 'தொடரச் சொல்லவும்' என்று வாசிக்கவும். வாசித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடவும்.