மிக்சருக்கு வந்த ஆபத்து

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். புள்ளைய ஒரு நாள் பார்த்துக்கணும்.

என் பொண்டாட்டி கவிதாவுக்குப் பாண்டியில இன்டர்வியூ. எங்க பொண்ணு யாழினிக்கு ரெண்டரை வயசு. சோத்தைக் கண்டா வாயை இறுக்கி மூடிக்குவா. சிப்ஸ் பாக்கெட்டைக் கண்டா தானா தொறந்துக்கும். "பாக்கெட் தீனி வேணாம், உப்பு ஜாஸ்தி"ன்னு போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தாரு.

கிளம்புறப்ப கவிதா கேட்டா, "ஏங்க, சமாளிச்சிடுவீங்களா?"

"ஒரு உப்பளத்தையே வெச்சு நடத்துறேன். இத்தினியூண்டு புள்ளைய சமாளிக்க மாட்டனா?"

"சரி. அவ இன்னிக்கி உப்புத்தீனி தின்னான்னு தெரிஞ்சுது, அப்புறம் இந்த வீட்டுல மிக்சரே கெடையாது. உங்களுக்கும்தான்."

சாயங்காலம் டீயோட ஒரு கை மிக்சர் இல்லன்னா எனக்குப் பொழுதே போவாது.

காலையில சுண்டல் குடுத்தேன். ஒவ்வொண்ணா எண்ணுற மாதிரி தரையில போட்டா. வாழைப்பழம் குடுத்தேன். என் சட்டைப் பாக்கெட்டுல திணிச்சா.

சரின்னு வெளிய தூக்கிட்டு வந்தா, தெருமுனைக் கடையைப் பார்த்ததும் இறங்கி மண்ணுல புரள ஆரம்பிச்சிட்டா.

கடைக்காரர் ஒரு பாக்கெட்டைக் கிழிச்சே எடுத்துட்டு வந்துட்டாரு. "பாவம்பா, புள்ள அழுவுது. நீ என்ன அப்பன்?"

அவரு கைக்கும் புள்ள வாய்க்கும் ஒரு சாண்தான். புள்ளைய அள்ளிப் போட்டுக்கிட்டு வண்டிய எடுத்துட்டேன்.

அப்பதான் அந்த அருமையான யோசனை வந்தது. கடையே இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா? நேரா உப்பளத்துக்கு விட்டேன்.

அங்க உப்பு வார்ற அஞ்சலை அக்கா, அவங்க கொண்டாந்த வெள்ளரிக்காயை நறுக்கிக் குடுத்தாங்க. யாழினி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நிழலா ஒரு எடம் பார்த்து ஒக்கார வெச்சிட்டு, பத்தடி தள்ளி மடையப் பார்க்கப் போனேன்.

திரும்பிப் பார்த்தா, அந்த வெள்ளரிக்காயைக் கறக் கறக்னு தின்னுட்டிருக்கா. ஒரு துண்டு முடிஞ்சு ரெண்டாவது. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

"தம்பி, புள்ள..."ன்னு அஞ்சலை அக்கா ஆரம்பிச்சாங்க.

"கண்ணு வெக்காதீங்கக்கா"ன்னு அவங்க வாயை அடைச்சிட்டேன்.

போட்டோ எடுத்தேன். "பார்த்தியா? பச்சைக் காய் சாப்புடுறா"ன்னு கவிதாவுக்கு அனுப்பினேன். கை சும்மா இருக்காம, மாமனார் வீட்டு குரூப்புலயும் போட்டேன்.

அஞ்சு நிமிஷத்துல போன் வந்தது.

"ஏங்க, டாக்டர் ஏன் பாக்கெட் வேணாம்னாரு?"

"உப்பு ஜாஸ்தின்னு."

"புள்ளைய எங்க ஒக்கார வெச்சிருக்கீங்க?"

"நிழல்லதான்."

"எதோட நிழல்ல?"

திரும்பிப் பார்த்தேன். என் உயரத்துக்கு உப்புக் குவியல். யாழினி வெள்ளரிக்காயை அதுல ஒரு குத்து குத்துறா, ஒரு கடி கடிக்கிறா, மறுபடியும் குத்துறா.

பொறந்ததுலேர்ந்து உப்பையே பார்க்குறவன் நான். எனக்கு அது மண்ணு மாதிரி, கண்ணுலயே படல.

"அதைத்தான் தம்பி சொல்ல வந்தேன்"னாங்க அஞ்சலை அக்கா.

ஓடிப்போய்த் தூக்கினேன். ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு, "அப்பா, இன்னும்"னு கேட்டா.

கவிதா இன்டர்வியூ நல்லா பண்ணிட்டாளாம். இனிமே சாயங்காலம் டீயோட எனக்கும் வெள்ளரிக்காதான், உப்பு இல்லாம.