செண்பாவின் தொடை எத்தனை மில்லிமீட்டர்?

ஒரு காட்டில் ஆஸ்பத்திரி திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன் வேலிக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று சட்டம். வேலிக்கு வெளியே பழைய வழக்கம்தான்.

பாறை இடுக்கில் கால் முறிந்து செண்பா என்ற புள்ளிமான் அங்கே இரண்டு மாதமாகப் படுத்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. தொடைச் சதைதான் வற்றிப்போயிருந்தது.

"ஸ்கேன்ல சதை இருபத்து நாலு மில்லிமீட்டர் தடிமன் காட்டினாத்தான் அனுப்புவேன்மா. அதுக்குக் குறைஞ்சா உன்னால ஓட முடியாது" என்று சொல்லிவிட்டார் கரடி டாக்டர் மலையப்பன்.

மாதக் கடைசியில் மான் கூட்டம் அடுத்த மலைக்குக் கிளம்புகிறது. அதற்குள் செண்பா தேறியாக வேண்டும்.

முதலில் யானை நர்ஸ் பொன்னம்மா ஸ்கேன் கருவியைத் தொடையில் வைத்துப் பார்த்தது. பதினேழு. மறுநாள் குரங்கு நர்ஸ் சுருளி பார்த்தது. இருபத்தேழு. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை பார்த்தது. பத்தொன்பது.

"ஒரே ராத்திரியில பத்து மில்லி ஏறி, அரை மணியில எட்டு இறங்குமா?" என்று கேட்டது செண்பா.

"பொன்னம்மா அழுத்துற அழுத்துல சதை அப்பளமாயிடுது" என்றது சுருளி.

"நீ எந்த இடத்துல வச்சேன்னு உனக்கே தெரியாது" என்றது பொன்னம்மா.

அடுத்த கட்டிலில் பல் வலிக்காகச் சேர்ந்திருந்த சிறுத்தை சடையன் மெல்ல எழுந்தது. "டாக்டர், நான் பாக்கட்டுமா?"

செண்பா சுவரோடு ஒட்டிக்கொண்டது. சட்டம் இருக்கிறதே என்று டாக்டர் தலையாட்டினார்.

சடையன் இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவில் மையால் ஒரு புள்ளி வைத்தது. ஜெல்லைத் தாராளமாகத் தடவி, மூச்சை அடக்கி, கருவியைத் தோலில் பட்டும் படாமலும் வைத்தது. இருபத்தொன்று. துடைத்துவிட்டு மறுபடி வைத்தது. இருபத்தொன்று. சாயங்காலமும் அதேதான்.

"இதை எங்கேப்பா கத்துக்கிட்டே?" என்றார் டாக்டர்.

"கத்துக்கல டாக்டர். தொடைன்னா எனக்குக் கவனம் சிதறாது."

அன்றிலிருந்து அந்த வேலை சடையனுக்குப் போனது. செண்பா தினமும் ஆஸ்பத்திரி மேட்டில் ஏறி இறங்கியது. மாதக் கடைசி நாள் காலையில் சடையன் மூன்று தடவை பார்த்தது. மூன்று தடவையும் இருபத்து நான்கு. டிஸ்சார்ஜ் சீட்டில் அதுவே கையெழுத்துப் போட்டது.

"எந்த வழியாப் போறீங்க?" என்று அக்கறையாக விசாரித்தது.

"ஆத்தோரமா" என்று சொல்லிவிட்டு, செண்பா மூங்கில் காட்டு வழியாகப் போனது.

சடையனும் முட்டாள் இல்லை. மூங்கில் புதருக்குள் காத்திருந்து பாய்ந்தது. செண்பா ஓடியது. இரண்டு மாதம் படுத்திருந்த கால்கள் முதலில் தடுமாறின, பிறகு தரையைத் தொடவே இல்லை. ஓடையை ஒரே தாவில் தாண்டி, கிளம்பிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் கலந்துவிட்டது. ஓடைச் சேற்றில் சடையன் மூக்குக் குத்த விழுந்தது.

சேறும் பசியுமாகத் திரும்பி வந்து, "டாக்டர், நம்ம அளவு சரிதான். இருபத்து நாலு இருந்தா ஓட முடியுது" என்றது.

டாக்டர் அன்றே சடையனின் வேலையை நிரந்தரமாக்கினார்.

நீதி: நம்மைத் தின்ன ஆசைப்படுகிறவர் அளந்தால் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது, கையெழுத்தை வாங்கியதும் ஓடிவிட வேண்டும்.