போன் சொன்னால் மறுபேச்சு இல்லை

இனிமேல் நம் வயலில் செல்போன் சொல்வதுதான் சட்டம் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொல்வதுதான் சட்டம். ஒரு மாறுதல் வேண்டாமா?

விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் மையம் ஒன்றில் என் நம்பரைப் பதிந்திருந்தேன். தினமும் காலையில் ஒரு குரல் கூப்பிட்டு, இன்று வயலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். பணிவான குரல். முக்கியமாக, பிறந்த வீட்டுப் பெருமை பேசாத குரல்.

"மழை வரும்போல இருக்கு. தக்காளிக்குத் தண்ணி விடாதீங்க" என்பாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? போன் சொல்லட்டும்."

மறுநாள் போனும் அதையே சொல்லும்.

"பார்த்தியா, விஞ்ஞானம்!"

"போன் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று அடங்கிப் போவாள். அடங்கிப் போகிற ஆளா அவள்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் வரப்பில் நின்று செல்போனில் பேசுவாள். தன் அம்மாவிடம் பேசுகிறாள், என் தலைதான் உருளுகிறது என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போவதில்லை.

வம்பு களையால் வந்தது. தக்காளிக்கு நடுவே முழங்கால் உயரக் களை.

"நீங்களே இறங்கி எடுங்க" என்றாள்.

"குனிஞ்சா முதுகு பிடிச்சுக்கும். களைக்கொல்லி அடிச்சாப் போச்சு."

"தக்காளியும் சேர்ந்து போயிடும்."

"போனையே கேட்போம். அது சொன்னா மறுபேச்சு கிடையாது. உனக்கும் சரி, எனக்கும் சரி!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

மையத்தைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவள் காதிலும் விழட்டுமே. அவளோ அடுப்பில் வேலை இருக்கிறதென்று உள்ளே போய்விட்டாள்.

"மருந்து வேண்டாம் சார். ஆள் இறங்கித்தான் எடுக்கணும். நீங்களே எடுத்தா நல்லது."

"எனக்கு முதுகுவலிங்க!"

"அப்படிச் சொல்வீங்கன்னும் சொல்லியிருக்காங்க சார்."

"யாரு?"

"உங்க ஊர் வயலைத் தினமும் பார்த்துத் தகவல் தர்ற அம்மா. அவங்க சொல்றதைத்தான் நாங்க உங்களுக்குச் சொல்றோம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. என் முதுகைப் பற்றிப் பேச அவள் யார்?

"அந்த அம்மாவையே குடுங்க. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கணும்!"

"இருங்க சார், இணைக்கிறேன்."

சமையலறையில் மனைவியின் போன் அடித்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்து, என்னைப் பார்த்தபடியே அதைக் காதில் வைத்தாள்.

"வணக்கம் சார். களைக்கொத்து கதவுக்குப் பின்னால இருக்கு."