கொடிக்கயிற்று வழக்கு

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மலாக்கா நகரில் தூறலும் வெயிலும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. காஜா பெராங் வட்டாரத்தில், வழக்கறிஞர் சேதுபதியின் வீட்டுக் கூடத்தில், ஒரே சோபாவின் இரு முனைகளில் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்ந்திருந்தனர்.

இடப்பக்கம் இருந்தவர் கலியாணசுந்தரம். எதிர்வீட்டுக்காரர்; ஜாலான் பெண்டஹாரா சாலையில் துணிக்கடை வைத்திருப்பவர்; தெருவார் அமைத்த மெர்டேக்கா எனும் விடுதலை நாள் விழாக் குழுவின் தலைவர். வலப்பக்கம் இருந்தவர் பொன்னுதுரை. மருத்துவமனையில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, அதே குழுவின் செயலாளர்.

"லாயர் ஐயா, கம்பம் நட்டாச்சு. சனிக்கிழம காலையில கொடி ஏத்தணும். யாரு ஏத்துறதுங்குறதுலதான் தகராறு," என்றார் கலியாணசுந்தரம். "நான் பொறந்தது இந்த மலாக்கா மண்ணு. எங்கப்பாரு பொறந்ததும் இதே மண்ணு. இவரு நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல்ல வந்தவரு."

"வந்து இருபத்தஞ்சு வருசமாச்சு லா! ஜப்பான்காரன் காலத்துல இந்தத் தெருவுக்கே மரவள்ளிக் கெழங்கு கொண்டாந்து குடுத்தது யாரு? நானு!"

"கெழங்கு குடுத்தவரு கெழங்க ஏத்தட்டும். கொடிய நான் ஏத்துறேன்."

சேதுபதி கண்களை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் கோபமில்லை, பரவசம் இருந்தது.

ஆறு மாதங்களாக அவர், புதிய நாட்டின் அரசியலமைப்புக்கென அமைந்த ஆணைக்குழுவின் அறிக்கையைப் படித்தார். வெள்ளை அறிக்கையைப் படித்தார். அரசியலமைப்பின் வரைவை ஓரங்களில் பென்சிற்குறிப்பு எழுதிப் படித்தார். அவற்றைப் பற்றி அவரிடம் ஒருவராவது ஒரு கேள்வி கேட்டதில்லை. நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைத்தவையெல்லாம் வேலித் தகராறுகளும் சைக்கிள் மோதல்களும். இன்று அரசியலமைப்பே நடந்து வந்து அவருடைய சோபாவில் அமர்ந்திருக்கிறது.

"இது கொடி பற்றிய வழக்கன்று," என்றார். வீட்டிலும் அவர் எழுத்துத் தமிழில்தான் பேசுவார். "பிறப்பால் வரும் உரிமைக்கும் வசிப்பால் வரும் உரிமைக்கும் இடையிலான வழக்கு. புதிய கூட்டாட்சியே இந்த வினாவின் மேல்தான் நிற்கிறது."

"அதான், நீங்களே நடுவரா இருந்து தீர்ப்பு எழுதிக் குடுங்க," என்றனர் இருவரும். அன்று அவர்கள் ஒரே குரலில் சொன்னது இது ஒன்றுதான்.

"மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை மாலை உங்கள் மேடையில் நான் பேசுவதாக இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது நடுவர் தரப்பினரின் மேடையில் ஏறக் கூடாது. ஆகவே, அதற்குள் தீர்ப்பை வழங்கிவிட்டுத்தான் மேடைக்கு வருவேன்."

"அவசரமே இல்லைங்கய்யா. நிதானமா எழுதுங்க," என்றார் கலியாணசுந்தரம்.

"சட்டம் பாருங்க, அவசரப்பட்டா கெட்டுப்போயிரும்," என்றார் பொன்னுதுரை.

இப்படிப் பொறுப்புணர்ந்த தரப்பினரைச் சேதுபதி தம் தொழில் வாழ்வில் கண்டதில்லை.

அந்த மேடைப் பேச்சு அவருக்கு உயிர். 'குடியேற்றப் பகுதியிலிருந்து சுதந்திர மாநிலம் வரை: மலாக்காவின் சட்டநிலை' என்று தலைப்பிட்டு, ஏழு பகுதிகளாக எழுதி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை இரவு ராணியின் பிரஜையாகப் படுக்கிறவன் சனிக்கிழமை காலை ஒரு நாட்டின் குடிமகனாக விழிக்கப் போகிறான். இடையில் தனக்கு என்ன நேர்ந்தது என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? சித்திரைப் புத்தாண்டு விழாவில் அவர் ஆணைக்குழுவைப் பற்றி மட்டும் பேசியபோதே, கேட்டவர்கள் கைதட்டவும் மறந்து அமர்ந்திருந்தார்கள். பலர் கண்களை மூடி ஆழ்ந்து கேட்டார்கள்.

இரவோடிரவாகத் தீர்ப்பின் முன்னுரையை எழுதி முடித்தார். மறுநாள் காலை, தெருமுனையில் யூசுப்பின் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். ரொட்டி சானாயும் மீன்கறியும் வந்தன. முதல் துண்டைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனபோது யூசுப் எதிரே வந்து அமர்ந்தார்.

"லாயர் ஐயா, நானும் ஒண்ணு சொல்லணும். அந்தக் கம்பம் நான் குடுத்தது. பத்து பெரெண்டாம் ஊரு வரைக்கும் லாரி எடுத்துட்டுப் போயி நிபோங் மரம் பாத்து வெட்டிக் கொண்டாந்தேன். கம்பம் என்னுது, கயிறு மட்டும் அவங்களுக்கா? என்னையும் கேஸ்ல சேத்துக்குங்க."

சேதுபதி அந்தத் துண்டை மெல்லத் தட்டில் வைத்தார்.

"சேர்த்துக்கொண்டேன்."

"ரொட்டிய ஏன் கீழ வைக்கிறீங்க?"

"தரப்பினரின் ரொட்டியை நடுவர் உண்ணலாகாது."

"ஐயா, கறியக்கூட இன்னும் தொடலியே!"

"தொடாததற்கு நீங்களே சாட்சி," என்று சொல்லிவிட்டுச் சேதுபதி எழுந்து நடந்தார்.

இப்படி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தால் வழக்கு முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. ஒழுங்குபடுத்த ஒரு வழி கண்டார். 'கொடியேற்றும் உரிமையில் நாட்டமுள்ள எவரும் புதன்கிழமைக்குள் மனுக் கொடுக்கலாம். அதன்பின் எவரும் சேர்க்கப்படார்' என்று ஓர் அறிவிப்பை எழுதி, கொடிக்கம்பத்திலேயே ஒட்டச் செய்தார்.

அதுவரை இப்படியொரு நாட்டம் தமக்கு இருக்கிறது என்பதையே அறியாதிருந்தவர்கள் அன்று அறிந்துகொண்டார்கள். கம்பத்துக்குக் குழி தோண்டியவர் வந்தார். கயிறு வாங்கிக் கொடுத்தவர் வந்தார். மேடைக்கு விளக்கு இரவல் கொடுத்த சீன முதலாளி, தவுக்கே, தம் காப்பிக்கடையை மூடிவிட்டு, கையில் குடையுடன் வந்தார். அந்தக் கடையில் காப்பி குடிப்பதும் அத்துடன் நின்றது. காஜா பெராங்கில் சேதுபதி வாய் நனைக்க இடமில்லாமல் போயிற்று. வீடு ஒன்றுதான் மிச்சம்.

புதன்கிழமை நண்பகல், பசியால் காதடைத்த நிலையில் அவர் இலையின்முன் அமர்ந்தார். மனைவி பொன்னம்மா சோற்றைப் போட்டு, சுறாமீன் குழம்பை ஊற்றி, இலையின் பக்கத்தில் மடித்த தாள் ஒன்றை வைத்தாள்.

"என்ன இது?"

"மனுங்க. மாதர் சங்கத்து மனு. பதினோரு பட்ட, பதினோரு முன நட்சத்திரம். ஒவ்வொரு முனையையும் மடிச்சுத் தச்சு எங்க வெரலே போச்சு. பொறந்தவரு கேக்குறாரு, வந்தவரு கேக்குறாரு, கம்பம் வெட்டுனவரு கேக்குறாரு. கொடியத் தச்சவங்கள யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?"

சேதுபதி நெகிழ்ந்தார். தம் அடுக்களையிலேயே இப்படியொரு சட்ட அறிவு குழம்பு கூட்டிக்கொண்டிருந்ததை இத்தனை நாள் கவனிக்கவில்லையே என்று வருந்தினார்.

"மிகச் சரியான வாதம். கையெழுத்து யாருடையது?"

"நான்தாங்க. சங்கத்துச் செயலாளரு."

சேதுபதி இலையைப் பார்த்தார். குழம்பில் நல்லெண்ணெய் பொன்னிறமாக மிதந்தது. பிறகு எழுந்து நின்றார்.

"ஏங்க, எங்க போறீங்க? கொழம்பு ஆறுது!"

"பொன்னம்மா, நீ இப்போது மனுதாரர் எண் ஏழு."

"இருபத்திரெண்டு வருசமா ஒங்களுக்கு ஆக்கிப் போடுறேன். இப்ப நான் ஏழாம் நம்பரா?"

"கணவன் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறான். எழுந்தது நடுவர்."

"அப்ப அந்தக் கணவனாச்சும் ரெண்டு வாய் சாப்புடட்டுமே!"

பிரிக்க முடியவில்லை. இருவருக்கும் ஒரே வயிறு.

சொந்த மனைவி தரப்பினராகிவிட்டபின் தாம் நடுவராக நீடிக்கலாமா என்று அன்று மாலை முழுவதும் யோசித்தார். விலகினால் வேறு யார் இருக்கிறார்கள்? அரசியலமைப்பு வரைவைக் கடைசிப் பக்கம்வரை படித்தவர் காஜா பெராங்கிலேயே அவர் ஒருவர்தான். கட்டாயத்தின் பேரில் நீடிப்பதாக, இரண்டு பக்க அளவில், ஒரு தனிக்குறிப்பு எழுதித் தீர்ப்புடன் சேர்த்தார்.

வியாழக்கிழமை அலுவலகத்திலேயே தங்கினார். அவருடைய கிராணி தேவதாஸ் ஒவல்டின் கலக்கிக் கொடுத்தான். உப்பு பிஸ்கட்டும் இருந்தது. தீர்ப்பு வளர்ந்தது. முடிவுரை எழுதப் பேனாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்று வந்தார் பொன்னுதுரை. "கொடி பாதியில சிக்கிக்கிட்டு, வேற ஒருத்தரு வந்து எடுத்துவிட்டா, ஏத்துனது யாரு கணக்கு?"

அருமையான வினா. அதற்கு நான்கு பக்கம் ஆயிற்று.

அவர் போனதும் கலியாணசுந்தரம் வந்தார். "ஐயா, காத்து இல்லாம கொடி பறக்கலன்னு வைங்க. அத ஏத்துனதா எடுத்துக்கலாமா, கூடாதா?"

இதுவும் வரைவில் இல்லாத செய்தி. மூன்று பக்கம். மக்களிடம் இத்தனை சட்டத் தாகம் இருக்கும்போது நாடு நன்றாக இருக்கும் என்று சேதுபதிக்குத் தோன்றியது. ஆனால் மேசையின் மறுகோடியில் இருந்த மேடைப் பேச்சின் தாள்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் பேனாவை இன்னும் விரைவாக ஓட்டினார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடியாவிட்டால் ஏழு பகுதிகளும் அந்தத் தாள்கட்டிலேயே கிடக்கும்.

தேவதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நம்ம பேண்டு வாத்தியக் குழு சார்புல ஒரு மனு. நானும் அதுல கிளாரினெட் ஊதுறேன். நாங்க ஊதுனாத்தான சார் கொடி ஏறும்?"

"புதன்கிழமையுடன் தவணை முடிந்துவிட்டது, தேவதாஸ்."

"காலதாமதத்த மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுவும் வச்சிருக்கேன் சார்."

வரைவு பிழையின்றி இருந்தது. அவரே பயிற்றுவித்த கை. மறுக்க வழியில்லை. சேதுபதி ஆவி பறக்கும் ஒவல்டின் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இதை எடுத்துவிடு."

"ஒரு வாய் குடிச்சிட்டு என்னைச் சேத்துக்குங்க சார்."

"எடுத்துவிடு. பிஸ்கட்டையும்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. வீடு திரும்பி, தண்ணீரைத் தாமே மொண்டு குடித்துக்கொண்டு, கூடத்தில் அமர்ந்து எழுதினார். பொன்னம்மா, விழாவுக்குப் பலகாரம் செய்ய எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "பொறுமையாவே எழுதுங்க, யாரும் ஒங்களத் தேடல," என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனாள்.

மாலை நெருங்கியது. தெருவில் தோரணம் கட்டும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியை யாரோ ஊதிப் பார்த்தார்கள். கலியாணசுந்தரத்தின் வீட்டுக் கொல்லையிலிருந்து மசால் வடை பொரியும் மணம் தெருவைக் கடந்து, சன்னலைக் கடந்து, நாற்பத்தோராம் பக்கத்தின்மேல் வந்து படிந்தது.

'எனினும், வசிப்பால் உரிமை கோருவோர் நிறுவ வேண்டியது யாதெனில்' என்று எழுதிவிட்டு, சேதுபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்ததாகத் தம் கை எழுதியிருந்த சொல்லைப் பார்த்தார். 'வடை' என்று இருந்தது.

அவர் கைப்பட எழுதிய வரைவில் இதுவரை ஒரு பிழையும் நேர்ந்ததில்லை. அந்தச் சொல்லையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எழுத வேண்டியவை இரண்டு அத்தியாயங்கள். வெளியே நாற்காலிகள் போடும் சத்தம். இப்படியே எழுதினால் பேச்சும் போய்விடும், ஒருவேளை உயிரும் போய்விடும்.

அப்போது அவர் தம் வாழ்நாளில் செய்திராத ஒன்றைச் செய்தார். நாற்பத்தொரு பக்கங்களையும் எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். எழுதினார்:

'கொடிக்கயிறு நீளமானது. தரப்பினர் அனைவரும் சேர்ந்து பிடித்து இழுக்கவும்.'

ஒருமுறை படித்தார். எதைச் சேர்க்கலாம் என்று தேடினார், கிடைக்கவில்லை. எதை நீக்கலாம் என்று தேடினார், அதுவும் கிடைக்கவில்லை. கையெழுத்திட்டு, தேதியிட்டு, முத்திரையை அழுத்தினார். கோட்டை மாட்டிக்கொண்டு, ஏழு பகுதிப் பேச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலை சற்றே சுற்ற, தெருவைக் கடந்தார்.

எதிர்வீட்டு வாசலில், கலியாணசுந்தரத்தின் மனைவி பாக்கியலட்சுமி வடை அரிக்கும் சாரணிக் கரண்டியுடன் நின்றிருந்தாள். உள்ளே பலர் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, இது தீர்ப்பு. உங்கள் கணவரிடம் சேர்த்துவிடுங்கள். வழக்கு முடிந்தது. இனி நான் உங்கள் வடையையும் உண்ணலாம். உங்கள் மேடையிலும் ஏறலாம்."

பாக்கியலட்சுமி தாளை வாங்கினாள். கையெழுத்தைப் பார்த்தாள். அவர் அக்குளில் இருந்த பேச்சுத் தாள்கட்டையும் பார்த்தாள். முகம் வெளுக்க, அடுக்களைப் பக்கம் திரும்பி உரக்கக் கூவினாள்:

"பொன்னம்மாக்கா! இந்தக் கொடி வழக்கக் கெளப்பி விட்டா மனுசன் மெர்டேக்கா விடியிற வரைக்கும் எழுதிக்கிட்டே இருப்பாரு, மேடையில ஏறிப் பேசவே மாட்டாருன்னு நீங்கதானே யோசன சொன்னீங்க, இங்க பாருங்க, முடிச்சுக் கொண்டாந்துட்டாரு!"